பெரிய வியாழனும் என் கால் பெருவிரலும்

மூன்று வருடங்களுக்கு முந்திய தவக்காலத்தில், யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கத்துக் கரையோரக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் நடந்தது இது. பங்கின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் ஆர், எவர் என்று எல்லாருக்கும் விளங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவர் தும்மினால் மூன்றாவது தெருவில் தைலப் போத்தலைத் தேடுவார்கள். கதையில் வருகிற முக்கியமான ஒருவரிடம் கேட்டு, அவர் நன்றாகச் சிரித்துவிட்டு "எழுதுங்கோ" என்று சொன்ன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நண்டுக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறவள். ஆழமில்லாத பரவைக் கடலில் பிடித்து வருகிற நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, சதையை எடுத்துத் தரம் பிரிக்கிற வேலை. நிலம் எப்போதும் ஈரம். அதற்காக முழங்கால் வரை வெள்ளை றப்பர் பூட்ஸ் தருவார்கள். வெளித் தண்ணீர் உள்ளே வராது, உண்மைதான். ஆனால் உள்ளே வேர்க்கிற தண்ணீர் வெளியே போகவும் வழியில்லை. காலையில் போட்டால் பின்னேரம் கழற்றும்போது கால் அவித்த நண்டு மாதிரி இருக்கும்.

முதலில் விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தது. கடிக்கும், சொறிவேன், விட்டுவிடுவேன். பிறகு வலது கால் பெருவிரல் நகத்தின் நுனி வெளிறியது. வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் தடித்து, வெட்டப் போனால் மாவாக உதிர்ந்தது. மஞ்சள் அரைத்துக் கட்டினேன். வேப்பெண்ணெய் விட்டேன். எலுமிச்சம்பழம் செருகிப் பார்த்தேன். நகச்சுத்திக்கு அதைத்தான் செய்வார்கள், இதுவும் நகம்தானே என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

என் கணவர் கடல் தொழில் செய்கிறவர். இருபத்தைந்து வருடமாக உப்புத் தண்ணீரில் நிற்கிற மனிதரின் கால் நகங்கள் பளிங்கு போல இருக்கும். அதைக் காட்டிக் காட்டி என்னைச் சீண்டுவார்.

"கடலுக்கை நிக்கிறவனுக்கு ஒண்டுமில்லை. கரையிலை பூட்ஸ் போட்டு நிக்கிற மகாராணிக்குத்தான் கால் அழுகுது."

கோயிலுக்குப் போனால் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது எல்லாரும் குனிந்துதான் நிற்பார்கள். பக்தியாகக் குனிகிற கண் எங்கே விழும்? முன்னால் நிற்கிறவளின் காலில்தான். ஆகவே நான் நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸ் வாங்கினேன். நல்ல கடும் சிவப்பு. ஒரு விரலுக்கு மட்டும் பூசினால் சந்தேகப்படுவார்கள் என்று பத்து விரலுக்கும் பூசினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மறைந்தது. பங்கில் எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் எனக்கு நாகரிகக்காரி என்று ஒரு பெயரும் கிடைத்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

இப்படியே சில வருடங்கள் ஓடின. பிறகு நகம் தடித்துத் தடித்து பூட்ஸில் முட்டி நோகத் தொடங்கியது. நான் நொண்டுவதைக் கண்ட கணவர், ஒரு நாள் கேட்காமலே ஓட்டோ பிடித்துத் தோல் வைத்தியரிடம் கொண்டுபோய் இறக்கினார்.

டொக்டர் இளம் பெண். கியூட்டெக்ஸை மருந்துப் பஞ்சால் துடைத்தார். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் நகத்தில் கொஞ்சம் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். அடுத்த முறை போனபோது, இது பங்கசு, பூஞ்சணம் என்றார். படர்தாமரை, சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் காரணமான அதே குடும்பம்தானாம். விரலிடுக்கிலிருந்துதான் நகத்துக்குக் குடிபோயிருக்கிறது. விரலிடுக்குக்கு ஒரு களிம்பும், நகத்துக்கு ஒரு சின்னப் போத்தலும் எழுதினார். விழுங்குகிற குளிசையும் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு நகம், அதுவும் அடிப்பக்கம் இன்னும் நல்லாக இருப்பதால் பூசுகிற மருந்தையே முதலில் பார்ப்போம் என்றார்.

"இது கியூட்டெக்ஸ் மாதிரித்தான் அம்மா இருக்கும். கிழமைக்கு ஒருக்கால் நகத்தை அரத்தாலை மெல்லமாய்த் தேய்ச்சுப்போட்டு, துடைச்சு, பூசிக் காயவிட வேணும். பூசின உடனை பழைய நகம் நல்லதாய் மாறாது. அடியிலையிருந்து புது நகம் சுகமாய் வளர்ந்து வரவேணும். கால் பெருவிரல் எண்டால் ஒரு வருசமும் எடுக்கும்."

அதற்குப் பிறகும் அவர் நிறையச் சொன்னார். ஆனால் 'கியூட்டெக்ஸ் மாதிரி' என்றதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கியூட்டெக்ஸ் பூசுவது எப்படி என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்?

வீட்டுக்கு வந்து ஞாயிறு தவறாமல் பூசினேன். சிவப்புக் கியூட்டெக்ஸின் மேலே பூசினேன். அது பளபளவென்று இன்னும் அழகாக இருந்தது. அரத்தால் தேய்ப்பதையும் விடவில்லை, ஆனால் கியூட்டெக்ஸ் உரிந்துவிடும் என்று ஓரத்தை மட்டும் தேய்த்தேன். அதே அரத்தால் மற்ற நகங்களையும் வடிவாக்கிக்கொண்டேன். மாதங்கள் போயின. நகம் அப்படியே இருந்தது. மருந்து சரியில்லை என்று முறையிடத்தான் டொக்டரிடம் போனேன்.

அவர் என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் காலைப் பார்த்தார்.

"இதுக்கு மேலையோ அம்மா பூசினனீங்கள்?"

"ஓம் டொக்டர். ஒரு கிழமையும் விடேல்லை."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் யன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, "உங்கடை கியூட்டெக்ஸுக்கு இனி ஒருக்காலும் பங்கசு வராது" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள். நான் விலை கொடுத்து வாங்கிய நீரை அல்லவா இறைத்திருக்கிறேன். மருந்து நகத்தில் நேராகப் பட வேண்டும், முடியும்வரை கியூட்டெக்ஸ் கூடவே கூடாது என்றார். நோய் பிடித்த நகத்தைத் தேய்த்த அரத்தை நல்ல நகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்றும் சொன்னார். மேஸ் என்கிற காலுறை போடாமல் பூட்ஸுக்குள் கால் வைக்கக் கூடாது, மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி வேறு உலர்ந்த மேஸ் போட வேண்டும், பூட்ஸை வெயிலில் கவிழ்க்க வேண்டும். இதையெல்லாம் முதல் முறையே சொன்னேன் என்றார். சொல்லியிருப்பார்.

கியூட்டெக்ஸ் இல்லாமல் கோயிலுக்குப் போன முதல் ஞாயிறு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இடது காலால் வலது பெருவிரலை மிதித்துக்கொண்டு பூசை முழுவதும் கொக்கு மாதிரி நின்றேன். ஏன் பூசவில்லை என்று கேட்டவர்களிடம், "அலுத்துப்போச்சு" என்றேன்.

ஆனால் மருந்து வேலை செய்தது. கொஞ்ச காலத்தில் நகத்தின் அடியில் பிறை மாதிரி ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. பிறகு அது அகலமானது. பின்னேரங்களில் வேலையால் வந்து காலைக் கழுவித் துடைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளை தவழுவதைப் பார்க்கிற சந்தோசம். என்னவர்கூட சீண்டுவதை விட்டுவிட்டு, "எங்கை காட்டும், இண்டைக்கு எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்கத் தொடங்கினார்.

இப்படி முக்கால்வாசி நல்ல நகமும் நுனியில் மஞ்சளுமாக இருக்கும்போதுதான் அந்தத் தவக்காலம் வந்தது. பெரிய வியாழன் பூசையில் பாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார், இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல. அதுவரை எங்கள் பங்கில் ஆண்கள்தான் இருப்பார்கள். அந்த வருடம் பெண்களும் இருக்கட்டும் என்று பாதர் சொல்லிவிட்டார். எங்கள் அன்பியத்திலிருந்து யாரை அனுப்புவது என்று கேட்டபோது, எல்லாரும் ஒரே வாயாக என் பெயரைச் சொன்னார்கள். நாகரிகக்காரி, கால் வடிவாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

அது சாதாரண மரியாதை இல்லை. எங்கள் அப்பா ஒரு முறை அப்படி உட்கார்ந்ததை அவர் சாகும்வரை சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். எனக்கும் உட்கார ஆசை, சொல்லத் தெரியாத ஆசை. ஆனால் அந்த மஞ்சள் நகத்தில் ஒரு குருவானவர் வாய் வைப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? இடது காலை நீட்டினால் என்ன என்று யோசித்தேன். ஒத்திகையில் கோயில் பொறுப்பாளர் ஒரே போடாகப் போட்டார்: "எல்லாரும் வலது கால்."

அடுத்த ஞாயிறு காலை பின்வாசற்படியில் இருந்து மருந்து பூசிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்காமலே எங்கள் அன்பியத் தலைவி அக்கா வந்துவிட்டார். நான் காலைச் சட்டென்று பாவாடைக்குள் இழுத்தேன். ஆனால் போத்தலையும் தூரிகை மூடியையும் அவர் கண்டுவிட்டார். வந்த விசயத்தைக் கதைத்துவிட்டு, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் கதை கரை முழுக்கப் பரவிவிட்டது. எங்களுக்குத் தவக்காலம் என்றால் தபசுகாலம். இறைச்சி தின்னமாட்டோம், கலியாணம் வைக்கமாட்டோம், தலையில் பூ வைக்கிறவர்களும் விட்டுவிடுவார்கள். அந்த நாளில் ஒருத்தி கியூட்டெக்ஸ் பூசுகிறாள், அதுவும் பாதர் கால் கழுவ வருகிறார் என்று சோடிக்கிறாள் என்றால் சும்மா விடுவார்களா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. என்னவர் வலை காயப்போடுகிற இடத்தில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருடக்கணக்காகக் கியூட்டெக்ஸ் பூசியபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டு மருந்து பூசும்போது இந்தப் பேச்சு.

கிழமை முடிவதற்குள் தலைவி அக்காவே வந்தார். நேரே சொன்னார்.

"பிள்ளை, குறை நினைக்காதை. நாலு பேர் நாலு விதமாய்க் கதைக்கினம். தபசுகாலத்திலை உந்தக் கியூட்டெக்ஸை விடன். இல்லையெண்டால் வேறை ஆளைப் போடட்டோ?"

எனக்கு முன்னால் இரண்டே வழிகள்தான் இருந்தன: விட்டுக்கொடுப்பது, அல்லது நகத்தைக் காட்டுவது. 'சரி, வேறு ஆளைப் போடுங்கோ' என்றால் நகம் மறைந்துவிடும். ஆனால் பெரிய வியாழன் போய்விடும், சோடிப்புக்காரி என்ற பெயரும் நிலைத்துவிடும். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தக் கோபம்தான் எனக்குத் துணிவு தந்தது. பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை அவர் முன்னால் நீட்டினேன்.

"பாருங்கோ அக்கா. நல்லாய்ப் பாருங்கோ. இதுதான் என்ரை சோடிப்பு. அது கியூட்டெக்ஸ் இல்லை, மருந்து!"

கணவரையும் டொக்டரையும் தவிர வேறு ஒருவரும் பார்த்திராத நகம். அக்கா குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. நான் அருவருப்படைகிறார் என்று நினைத்தேன்.

"உதோடையோ பிள்ளை இவ்வளவு காலமும் பூட்ஸுக்கை நிண்டனீ?" என்றார். பிறகு தன் வாயில் தானே ஒரு தட்டுத் தட்டினார். "உந்த மருந்திலை மிச்சம் இருந்தால் என்ரை வாய்க்கும் கொஞ்சம் பூசிவிடு."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இருவரும் சிரித்தோம். தேத்தண்ணி குடித்தோம். பரப்பிய கதையை அவரே வீடு வீடாகப் போய்த் திருப்பி எடுத்தார். அதனால் என் நகத்தின் கதை ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்பது வேறு விசயம்.

தெரிந்துவிட்டதே, இனி என்ன என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. ஊருக்குத் தெரிவது ஒன்று, பாதர் முகத்துக்கு முன்னால் நீட்டுவது வேறொன்று. அவருக்கு இந்தக் கதையெல்லாம் போயிருக்காது. பெரிய வியாழன் பின்னேரம் கோயிலுக்கு வெளிக்கிடும்போது அலுமாரியைத் திறந்தேன். பழைய சிவப்புப் போத்தல் மூலையில் இருந்தது. ஒரு நாள்தானே, நுனியில் மட்டும் ஒரு பூச்சு, நாளைக்குத் துடைத்துவிடலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். டொக்டர் சொன்னது காதில் கேட்டது. அதைவிட, தலைவி அக்கா என் பக்கம் நின்று சொன்னதெல்லாம் பொய்யாகிவிடுமே என்று பட்டது.

என்னவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும், பாதர் கால் கழுவத்தானே வாறார்? நகம் பாக்கவோ வாறார்?" என்றார்.

போத்தலை உள்ளே வைத்துவிட்டு நடந்தேன்.

பீடத்துக்கு முன்னால் நாங்கள் உட்கார நீள வாங்கு போட்டிருந்தார்கள். என் பக்கத்தில் படகுகள் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார், மறு பக்கத்தில் ஒரு ஆசிரியை. பாதர் இடுப்பில் துவாய் கட்டி, குடத்தோடும் தட்டத்தோடும் ஒவ்வொருவராக வந்தார். மற்றக் கால்களை விறுவிறென்று முடித்தார். என்னிடம் வந்து முழங்காலில் இருந்தார். தண்ணீர் ஊற்றினார். துடைத்தார். பிறகு அவர் கை அப்படியே நின்றுவிட்டது. என் பெருவிரலைப் பார்க்கிறார். தலையைச் சற்றுச் சரித்தும் பார்க்கிறார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. நிலம் பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பிறகு அவர் குனிந்து, மற்றவர்களுக்குச் செய்தது போலவே முத்தமிட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

வீட்டுக்குப் போய் அழுதேன். பாதர் அருவருத்துவிட்டார், நான் போயிருக்கக் கூடாது என்றேன். பெரிய வெள்ளியும் அப்படியே போனது.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பாதர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பூசை உடுப்பு மாற்றுகிற சங்கிறீஸ்துக்குப் பக்கத்தில், ஆட்கள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனார். அவர் அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்கடை நகத்திலை அடியிலையிருந்து நல்ல நகம் வருது, நான் கண்டனான். என்ன மருந்து பூசுறனீங்கள்?"

நான் முழித்தேன். அவர் தன் காலைப் பார்த்தார். கறுப்புச் சப்பாத்து, கறுப்பு மேஸ். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பங்குக்கு வந்த நாளிலிருந்து இந்த மனிதரைச் சப்பாத்தும் மேஸும் இல்லாமல் ஒருவரும் கண்டதில்லை. எந்த வெயிலிலும், கடற்கரைப் பூசையில் மணலிலும் அப்படித்தான். ஒழுங்கான மனிதர் என்று நாங்கள் பெருமையாகக் கதைப்போம்.

"உங்களுக்குமோ பாதர்?"

"இரண்டு காலிலையும்" என்றார். "டொக்டரிட்டைப் போய்க் காட்ட வெக்கமாய்க் கிடந்தது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நான் மூன்று நாளாக அழுதது இதற்கா! அவருக்கு டொக்டரின் இடத்தைச் சொன்னேன், மருந்து பூசுகிற விதத்தைச் சொன்னேன். முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், தானாக வாங்கிப் பூசக் கூடாது என்றேன். மேஸ் ஈரமானால் மாற்ற வேண்டும் என்றேன். கடைசியில் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாதர், ஒண்டு மட்டும். கியூட்டெக்ஸுக்கு மேலை பூசிப்போடாதேங்கோ."

முழுக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னவரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். "அட, மனுசன் உண்மையாய் நகம் பாக்கத்தான் வந்திருக்கிறார்!"

அடுத்த வருடம் பெரிய வியாழன் வந்தபோது என் நகம் முழுவதும் புதிதாக வளர்ந்திருந்தது. டொக்டர் மருந்தை நிறுத்திவிட்டார். நான் நடு வாங்கில், தலைவி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கால் கழுவுகிற நேரம் வந்தது. பாதர் துவாயைக் கட்டிக்கொண்டு பீடத்திலிருந்து இறங்கினார். சப்பாத்து இல்லை. மேஸ் இல்லை. வெறுங்காலோடு வந்தார். விளக்கு வெளிச்சத்தில் பெருவிரல்கள் இரண்டும் பளிச்சென்று மினுங்கின.

பின்னால் இருந்த வாங்கில் ஒரு பெட்டை குசுகுசுத்தாள். "பாதர் கியூட்டெக்ஸ் பூசியிருக்கிறார் போலை!"

நான் திரும்புவதற்குள், என் நகத்தில் அந்த மினுக்கத்தைக் கண்டிருந்த தலைவி அக்கா திரும்பிவிட்டார். "அது மருந்தடி பிள்ளை. வாயைப் பொத்திக்கொண்டு செபத்தைச் சொல்லு."

இப்போது அந்தப் பாதர் மாற்றலாகி வேறு பங்குக்குப் போய்விட்டார். ஆனாலும் எனக்குள் எதையாவது மூடி மறைக்க வேண்டும் என்று கை போகிறபோதெல்லாம், அன்று எங்கள் எல்லாருக்கும் முன்னால் வெறுங்காலோடு இறங்கி வந்த அந்த மினுங்கிய விரல்கள் ஞாபகம் வரும், பூசி மறைத்த இடத்தில் மருந்து பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.